அப்பாவின் புல்லட்டை அறுக்கலாமா? பழைய பைக்கைச் சீரமைக்கும் முன் யோசிக்க வேண்டியவை

ஊரில் கொல்லைப்புறத்தில் தார்ப்பாய் மூடிக் கிடந்த புல்லட் ஒருநாள் மினி லாரியில் ஏறி நகரத்துக்கு வருகிறது. அப்பா ஓட்டிய வண்டி. கடைசியாக எப்போது ஸ்டார்ட் ஆனது என்று வீட்டில் யாருக்கும் சரியாக நினைவில்லை. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இறக்கிவைத்த அன்றிரவே மகன் செல்போனில் வீடியோ தேட ஆரம்பித்துவிடுகிறார். பின்பக்க மட்கார்டு இல்லாத பாபர், சீட்டுக்குப் பின்னால் கூம்பு வைத்த கஃபே ரேசர், அகல டயர், கறுப்பு பெயின்ட், குட்டை சைலன்சர் என்று வரிசையாக வருகின்றன. பல வீடியோக்களில் ஏதோ ஓர் இடத்தில் கட்டிங் மெஷின் சத்தம் கேட்கிறது. சேசிஸின் பின்பகுதி பொறி பறக்க அறுபடுகிறது. அடுத்த காட்சியில் வண்டி பளபளவென்று நிற்கிறது.

வீடியோ அங்கே முடிந்துவிடும். அந்த வண்டி மழையில் பிரேக் பிடித்ததா, எஃப்.சி.க்குப் போனபோது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்ன சொன்னார்கள், பின்சீட்டில் ஆள் ஏறியபோது என்ன ஆனது என்பதெல்லாம் அதில் இருக்காது.

பழைய பைக்கை வீட்டிலேயே சீரமைப்பது நல்ல விஷயம்தான். செலவுக்கும் நேரத்துக்கும் ஈடாக ஒரு கைத்தொழிலையே கற்றுக்கொடுத்துவிடும். ஆனால், அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பேப்பர், அடுத்து பிரேக், அதன்பிறகு எஞ்சின், கடைசியில்தான் அழகு. ஓர் எல்லையும் இருக்கிறது. கழற்றி மாட்டக்கூடியதை எவ்வளவு வேண்டுமானாலும் யோசித்து மாற்றலாம். அறுத்தால்தான் மாறும் என்றால், அந்த இடத்தில் கையை எடுத்துவிடுவதே நல்லது.

இந்த வண்டிகளுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கைகோத்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் ஆலை வந்தது. 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து நிறுவனம் இல்லாமல் போன பிறகும் இங்கே புல்லட் தயாரிப்பு நிற்கவில்லை. 346 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சின், சிறிய மாற்றங்களோடு 2000-களின் கடைசிவரை ஓடியது. அதனால்தான் அப்பா காலத்து வண்டிக்கு இன்றும் உதிரிபாகம் கிடைக்கிறது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுசு, புதுப்பேட்டையில் பழசு என்று தேடி எடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது.

புல்லட்டுக்கு அடுத்த வரிசையில் இரண்டு பெயர்கள். மைசூரில் 1960-களின் தொடக்கத்தில் ஆரம்பித்து 1996-ல் மூடப்பட்ட ஐடியல் ஜாவாவின் ஜாவா, யெஸ்டி வண்டிகள். 1985 முதல் 1996 வரை விற்பனையான யமஹா ஆர்.எக்ஸ். 100. அந்த 98 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் 11 குதிரைத்திறன் கொடுத்தது. அந்தக் காலத்தில் மற்ற 100 சி.சி. வண்டிகளை ஓட்டியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இவற்றில் கம்ப்யூட்டர் கிடையாது. எரிபொருள் எங்கிருந்து எங்கே போகிறது, நெருப்புப் பொறி எப்படி வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். ஒரு ஸ்பானர் செட், ஸ்க்ரூ டிரைவர், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர் இருந்தால் பாதி வேலையை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நாள் முழுக்க திரையைப் பார்த்து வேலை செய்கிற ஒருவருக்கு, ஞாயிற்றுக்கிழமை கையில் கிரீஸ் படிய ஒரு கார்புரேட்டரைப் பிரித்து மாட்டுவதில் கிடைக்கும் நிம்மதி லேசானதல்ல. இந்த ஆர்வத்தைக் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் கவலை.

ஆர்.சி. யார் பேரில் இருக்கு?

ஸ்பானரை எடுக்கும் முன் எடுக்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். வண்டி யார் பெயரில் இருக்கிறது, பதிவு எப்போது காலாவதியானது, சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பழைய ஆர்.சி.யின் விவரங்கள் பரிவாகன் இணையப் பதிவில் ஏறியிருக்கிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். ஏறாவிட்டால், முதலில் அதை ஏற்றச் சொல்லி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

உரிமையாளர் இறந்துவிட்டால், வாரிசு 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். மூன்று மாதங்களுக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல வீடுகளில் இது நடந்திருக்காது. துக்க வீட்டில் வண்டி ஞாபகம் யாருக்கு வரும்? காலம் கடந்திருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு நேரில் போய்க் கேட்பதுதான் வழி. பெயின்ட் அடித்து முடித்த பிறகு இந்த வேலையைத் தொடங்குபவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள்.

சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குப் பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டுகளைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு இந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2025-ல் 2,000 ரூபாயாக உயர்த்தியது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் சேரும்.

இன்னொரு சின்ன விஷயம், பலரைக் கவிழ்த்துவிடுகிறது. சேசிஸை சாண்ட் பிளாஸ்டிங் செய்து தடிமனாக பவுடர் கோட்டிங் போட்டால், குத்தப்பட்ட எண் மூடிப்போகும். ஆய்வாளர் அதன்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து விழாது. எண் தெளிவாக இல்லாத சேசிஸ் சந்தேகத்துக்குரிய சேசிஸ். எனவே அந்த இடத்தை டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் கோட்டிங்குக்குக் கொடுக்க வேண்டும்.

பேப்பரே இல்லாமல் "குறைஞ்ச விலைக்கு முடிச்சுடலாம் சார்" என்று வரும் வண்டியைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. வாங்கக் கூடாது. அவ்வளவுதான்.

சட்டம் எதை அனுமதிக்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? நிறத்தை மாற்றலாம், ஆனால், அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். எஞ்சின் போய்விட்டால் அதே வகை எஞ்சினை அனுமதியோடு மாற்றலாம். வேறு வண்டியின் எஞ்சினைப் பொருத்தினால் சிக்கல். சேசிஸை அறுப்பது, நீட்டுவது, குறைப்பது கூடாது. பலரும் கவனிக்காதது ஒன்று: ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் இரண்டு என்று எழுதியிருக்கும் வண்டியின் பின்சட்டத்தை அறுத்து ஒற்றை சீட் வைத்தால், தோற்றத்தோடு பதிவு விவரமும் மாறிவிடுகிறது. விபத்து நேர்ந்து இன்ஷூரன்ஸ் பணம் கேட்கும்போது இந்த வித்தியாசம் முன்னால் வந்து நிற்கும்.

விண்டேஜ் விதிகளையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மத்திய அரசு 2021 ஜூலையில் இதற்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் இதில் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய்; பத்தாண்டு செல்லும். எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் இருக்கும். அந்த வண்டியைத் தினசரிப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும். முக்கியமான நிபந்தனை: வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

அப்பாவின் 1985 மாடல் புல்லட்டுக்கு 2035-ல் 50 வயது ஆகும். அப்போது அதை விண்டேஜாகப் பதிய வேண்டும் என்று மகனுக்குத் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். இன்று கட்டிங் மெஷினை எடுத்தால், அந்த வாய்ப்பு இப்போதே போய்விடும்.

முதலில் நிற்கட்டும், அப்புறம் ஓடட்டும்

நின்றுபோன வண்டியை வாங்கியதும் எல்லோருக்கும் ஒரே ஆசை, ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும். ஓட ஆரம்பித்தால் தெருமுனை வரை ஒரு ரவுண்டு. அந்த ரவுண்டில்தான் பிரேக் இல்லை என்பது தெரியவரும்.

பழைய புல்லட்டில் முன்னும் பின்னும் டிரம் பிரேக். பல வருடம் நின்ற வண்டியில் டிரம்முக்குள் துரு பிடித்திருக்கும், லைனிங் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகியிருக்கும், கேபிள் உள்ளே இற்றுப்போயிருக்கும். ஷூ, ஸ்பிரிங், கேபிள் மூன்றையும் மாற்றுவது வீட்டிலேயே முடிகிற வேலை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்தத் தூசியை வாயால் ஊதுவதோ காற்றடித்துத் தட்டுவதோ கூடாது. மாஸ்க் போட்டு, ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

டயரில் பட்டன் எல்லாம் புதுசு போலத்தான் இருக்கும். பக்கவாட்டில் குத்தியிருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். 1209 என்றிருந்தால் 2009-ம் ஆண்டின் 12-வது வாரத்தில் செய்தது. எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் அந்த ரப்பரை நம்பி ரோட்டில் இறங்கக் கூடாது. டயர் மாற்றும்போதே ஸ்போக்ஸ், வீல் பேரிங், செயின் ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது.

பழைய புல்லட் ஓட்டுபவர்களுக்குத் தெரியும், புதிதாக ஏறுபவர்களுக்குத் தெரியாது: அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய வண்டியில் பழகிய கால், அவசரத்தில் பழைய பழக்கத்துக்குத்தான் போகும். திடீரென்று நாய் குறுக்கே வந்தால் வலது கால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். ஆளில்லாத மைதானத்தில் சில நாள் பழகாமல் ரோட்டுக்குப் போவது ஆபத்து. வண்டி புதுப்பிக்கப்பட்டது போல ஓட்டுபவரும் கொஞ்சம் புதுப்பிக்கப்பட வேண்டும்.

எஞ்சினைத் திறப்பது கடைசி வேலை

"அண்ணே, ஃபுல்லா பிரிச்சு எஞ்சின் வேலை பார்த்துடலாமா?" என்று கேட்பவரிடம், நல்ல மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வி: "தம்பி, வண்டி எதுக்கு நின்னுச்சு?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எஞ்சினைப் பிரிப்பது வீண் செலவு. பெரும்பாலும் வண்டி நின்றதற்குக் காரணம் சின்னதாகவே இருக்கும். ஆள் ஓட்டவில்லை, பேட்டரி இறங்கியது, கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்தது, பாயின்ட் கருகியது, கண்டென்சர் போனது. எஞ்சினுக்குள் ஒன்றுமே ஆகியிருக்காது.

பல வருடம் நின்ற எஞ்சினை எடுத்த எடுப்பில் கிக் அடிக்கக் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு ஓரிரவு விட வேண்டும். மறுநாள் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் அசைகிறதா என்று தெரியும். பழைய புல்லட்டில் இன்னொரு குணம் உண்டு. நின்றுகொண்டே இருந்தால் டேங்கில் இருக்க வேண்டிய எஞ்சின் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் சேர்ந்துவிடும். அதை வடிக்காமல் கிக் அடித்தால் புகை மண்டும், ஆயில் வெளியே பீய்ச்சும். "எஞ்சின் போச்சு" என்று பயந்து பிரித்துவிடுவார்கள். வடித்து, புது ஆயில் ஊற்றியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் எச்சரிக்கை வேறு. அதில் எஞ்சினுக்கு ஆயில் கொடுப்பது தனி பம்ப். பல வருடம் சும்மா இருந்த பம்ப்பை நம்பி ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆகிவிடலாம். பம்ப் சரியாக வேலை செய்கிறது என்று உறுதியாகும்வரை பெட்ரோலிலேயே 2டி ஆயில் கலந்து ஓட்டுவது பாதுகாப்பு.

அதன்பிறகு டியூனிங். புல்லட் பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லி மீட்டர். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்திப் பார்த்தால், இரண்டு புஷ் ராடும் விரலால் சுற்றும்படி இருக்க வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அதுதான் டேப்பட் செட்டிங். கார்புரேட்டர் ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது. ஓட்டை பெரிதானால் கணக்கே மாறிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் கம்ப்ரஷன் இல்லை, நீலப் புகை நிற்கவில்லை என்றால் மட்டுமே எஞ்சினைத் திறக்க வேண்டும். ஏன் இந்தக் கண்டிப்பு? சிலிண்டரை ரீபோர் செய்யும்போது பெரும்பாலும் கால் மில்லி மீட்டர் படிகளில்தான் பெரிதாக்குவார்கள். ஒரு மில்லி மீட்டர் தாண்டினால் வழக்கமான பிஸ்டன் அளவுகள் தீர்ந்துவிடும். ஆக ஒரு சிலிண்டருக்கு வாழ்நாளில் சில தடவைகள்தான் அந்த வாய்ப்பு. தேவையில்லாமல் ஒரு தடவை திறந்தால், அந்தக் கணக்கில் ஒன்று குறைந்தது.

பழைய டேங்க், புதிய பெட்ரோல்

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டிகள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் அப்படி ஒன்று கிடையாது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர் டியூப், வாஷர், சீல்களை இளக்கிவிடும். எனவே சீரமைக்கும்போதே பெட்ரோல் டியூபையும் கார்புரேட்டர் சீல்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட வேண்டும். மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் கார்புரேட்டரில் பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்த வேண்டும். ஓடும்போது எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாகிறது, திணறுகிறது என்றால் ஜெட் அளவை மெக்கானிக்கிடம் காட்டி ஒரு படி ஏற்றிப் பார்க்கலாம்.

டேங்கின் உள்ளே துரு இருந்தால் வினிகர் ஊற்றி ஊறவைத்து, பிறகு சோடா உப்பு கரைத்த தண்ணீரால் அலசி, உடனே ஈரமில்லாமல் உலர்த்தலாம். ஆனால், ஓட்டை விழுந்த டேங்கை வீட்டில் வெல்டிங் வைக்கக் கூடவே கூடாது. காலி டேங்க்தான் அதிக ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத பெட்ரோல் ஆவி உள்ளே நிற்கும். ஒரு பொறி போதும். இது அனுபவமுள்ள பட்டறைக்காரர் டேங்கைக் கழுவி, ஆவி நீக்கிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை.

வீட்டில் எது, பட்டறையில் எது?

எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்துவிட வேண்டும் என்பது வீராப்பு. கழுவுவது, கிரீஸ் வைப்பது, பிரேக் ஷூ, கேபிள், பாயின்ட், டேப்பட், கார்புரேட்டர், வயரிங் எல்லாம் வீட்டு வேலை. ரீபோர், கிராங்க் பிரஸ் செய்வது, ஸ்போக்ஸ் கட்டி ரிம்மை நெளிவெடுப்பது, வளைந்த சேசிஸை நிமிர்த்துவது, டேங்க் வெல்டிங் ஆகியவை லேத், பட்டறை வேலை.

பிரிக்கும் ஒவ்வொரு பாகத்தையும் பிரிப்பதற்கு முன் செல்போனில் படம் எடுத்துவைத்தால், மாட்டும்போது கை நடுங்காது. நட்டு, போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு எழுதிவைக்க வேண்டும். "மாட்டி முடிச்ச பிறகு ரெண்டு நட்டு மிச்சம்" என்பது ஜோக்காகச் சொல்லத்தான் நன்றாக இருக்கும்.

வீடியோக்கள் கற்றுத்தராத ஒன்றைப் பட்டறை கற்றுத்தரும். பழைய புல்லட் சத்தத்தைக் கேட்டே டைமிங் முந்தியா பிந்தியா என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிறது. கடைக்கு வரும் பையன்கள் இப்போது எஃப்.ஐ. வண்டிகளைத்தான் படிக்கிறார்கள். பழைய வண்டி வைத்திருக்கும் இளைஞர் அப்படி ஒரு பட்டறையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நின்று பார்த்தால், அவருக்கும் நல்லது, அந்தத் தொழிலுக்கும் நல்லது. பக்கத்தில் நின்று கற்ற நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுத்தால் இன்னும் நல்லது.

அப்போ கஸ்டமைஸ் பண்ணவே கூடாதா?

பண்ணலாம். மாற்றம் என்றாலே தப்பு என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அப்பாக்கள் யாரும் இந்த வண்டிகளை ஷோரூமில் எடுத்த மாதிரியே வைத்திருக்கவில்லை. கேரியர் வைத்தார்கள், ஹார்ன் மாற்றினார்கள், சைடு பாக்ஸ் மாட்டினார்கள். ரோட்டில் ஓடும் வண்டி மாறத்தான் செய்யும்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதைத் திரும்ப எடுக்க முடியுமா?

பாயினட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால், பழைய பாயின்ட் பிளேட்டைத் துணியில் சுற்றி எடுத்துவைக்கலாம். ஹெட்லைட்டுக்கு நல்ல பல்பு போடலாம். ஆனால், பழைய ஆல்டர்னேட்டர் எவ்வளவு மின்சாரம் தரும் என்று பார்த்து, ரிலே வைத்துத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் சுவிட்ச் கருகும், பேட்டரி இறங்கும். வண்டியிலிருக்கும் அம்மீட்டர் முள்ளே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். உட்கார வசதியான குஷன், நல்ல கண்ணாடி, இண்டிகேட்டர், நல்ல ஷாக் அப்சார்பர் எல்லாம் போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடுபவை.

சைலன்சர் விஷயம் வேறு. 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்குத் தயாரிப்பு நிலையில் ஒலி வரம்பு 80 டெசிபெல். உள்ளே இருக்கும் தடுப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தெருவையே எழுப்பும் சத்தம், புல்லட்டின் சத்தமே அல்ல. அந்த வண்டியின் அசல் 'டப் டப்' மெதுவானது. குழந்தையைத் தூங்கவைத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும்.

அகல டயர் போட ஆசைப்பட்டு ஸ்விங் ஆர்மைத் தேய்ப்பது, செயின் வரிசையை நகர்த்துவது, சீட் அழகுக்காகப் பின்சட்டத்தை அறுப்பது ஆகியவை அடுத்த வகை. புல்லட்டில் பின் ஷாக் அப்சார்பரின் மேல்முனை நிற்பதே அந்தப் பின்சட்டத்தில்தான். பள்ளத்தில் விழும்போது மொத்த அடியும் அங்கேதான் ஏறும். அளவுச் சட்டத்தில் பிணைக்காமல் கண் மதிப்பில் வைத்த வெல்டிங் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வெல்டிங்குக்குப் பக்கத்தில் சூடுபட்ட இரும்பு என்றைக்கு விடும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. விடும்போது வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

பெயின்டும் இதே கணக்குதான். சென்னையில் செய்த புல்லட் டேங்க்கின் கோடுகளைக் கையால் வரைவது நீண்டகாலப் பழக்கம். அப்பாவின் வண்டியில் அந்தக் கோடு மங்கலாகவாவது மிஞ்சியிருந்தால், அது ஒரு தொழிலாளியின் கைவேலை. மெதுவாக பாலிஷ் போட்டுப் பார்த்த பிறகும் சரிவராது என்றால் மட்டும் உரித்து அடிக்கலாம். கொஞ்சம் மங்கலான டேங்க், வண்டியின் ஓட்டத்தை எந்த வகையிலும் குறைக்காது.

"என் வண்டி, என் இஷ்டம்"

நியாயமான பதில்தான். காசு அவருடையது, உழைப்பு அவருடையது. அசல், அசல் என்று பேசுவது பணக்காரச் சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்கு என்றும் சிலர் சொல்வார்கள். அதிலும் உண்மை உண்டு. எல்லா நட்டும் அந்தக் காலத்து நட்டாகவே இருக்க வேண்டும் என்று அலைவதற்கு மாதச் சம்பளக்காரரிடம் பணமும் இல்லை, நேரமும் இல்லை. அப்படிக் கேட்பதும் சரியில்லை.

ஆனால், திரும்ப எடுக்கக்கூடிய மாற்றம் மட்டும் போதும் என்பதற்குப் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. அது செலவைக் குறைக்கும் வழியும்கூட. கஃபே ரேசர் பாணி 1960-களின் இங்கிலாந்தில் இளைஞர்கள் மத்தியில் பிறந்தது. அவர்கள் மாற்றியது அன்றாடம் கடையில் கிடைத்த வண்டிகளை. ஒன்று கெட்டால் இன்னொன்று கிடைத்தது. 1985 புல்லட்டோ 1990 ஆர்.எக்ஸ். 100-ஓ இனி ஆலையிலிருந்து வரப்போவதில்லை. கஃபே ரேசர்தான் வேண்டும் என்றால் அந்தப் பாணியிலேயே தயாரித்து விற்கும் புதிய வண்டிகள் இன்று ஷோரூமில் இருக்கின்றன. பழைய வண்டியை அறுத்துத்தான் அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற அவசியம் இல்லை.

ரசனை மாறும். இன்று பிடித்த மேட் கறுப்பு, ஐந்து வருடத்தில் அலுத்துவிடலாம். அன்றைக்குப் பழைய மட்கார்டும் நீள சீட்டும் அம்மீட்டர் வைத்த ஹெட்லைட் மூடியும் பரணில் ஒரு சாக்கு மூட்டையில் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வண்டி பழையபடி ஆகிவிடும். அவற்றை எடைக்குப் போட்டிருந்தால், அதே பாகத்தைத் தேடிப் புதுப்பேட்டையில் அலைய வேண்டியதுதான். அவருக்குப் பிடிக்காவிட்டாலும், அடுத்து அந்த வண்டி யார் கைக்குப் போகுமோ அவருக்குப் பிடிக்கலாம். அது அவருடைய மகளாகவும் இருக்கலாம்.

எனவே பார்க்கிங்கில் நிற்கும் அந்த புல்லட்டுக்கு இந்த மாதம் தேவைப்படுவது பெரிய திட்டமல்ல. ஆர்.சி.யில் பெயர் மாற்ற விண்ணப்பம், இரண்டு செட் பிரேக் ஷூ, இரண்டு டயர், புது ஆயில், சுத்தமான கார்புரேட்டர். இவற்றோடு வண்டி ஓடி, நின்று, மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு ஆறு மாதம் அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் அறுக்கத் தோன்றினால் அப்போது யோசிக்கலாம். பலருக்குத் தோன்றாது.